படகைவிட நீளமான உத்தரவு

வக்கீலுக்குப் பயம் வரும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. எனக்கு வரும். இருபது வருஷத்துக்கும் மேலாகப் போர்ட் பிளேர் கோர்ட்டில் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குறுக்கு விசாரணையில் என் குரல் வராந்தா தாண்டிக் கேட்கும் என்று சக வக்கீல்கள் கேலி செய்வார்கள். அப்படிக் கத்திக் கேள்வி கேட்டு ஒருவனைக் கூண்டில் வியர்க்க வைத்துவிட்டு, சாயங்காலம் சாத்தாம் ஜெட்டிக்கு வந்தால் அவனும் அதே வரிசையில் படகுக்கு நிற்பான். நான் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவேன்.

என் வீடு பாம்பூஃப்ளாட்டில். கோர்ட்டு இந்தக் கரையில், வீடு அந்தக் கரையில். நடுவில் துறைமுகத் தண்ணீர். படகில் ஏறினால் ஒரு டீ ஆறுவதற்குள் அக்கரை. படகு வேண்டாம் என்றால் பெரார்கஞ்ச் வழியாகத் தரையில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பாதி நாள் போய்விடும். ஆகவே ஆசிரியர், ஆபீசர், மீன்காரம்மா, ஜாமீனில் வந்தவன், அவனைப் பிடித்த போலீஸ்காரர், அவனுக்கு ஜாமீன் வாங்கித் தந்த நான், எல்லோருக்கும் ஒரே படகுதான்.

என் சீனியர் ஆபீசை மூடிவிட்டு மெயின்லேண்ட் போனபோது எனக்குக் கொடுத்த புத்தகங்களில் ஒன்று, விக்டோரியா மகாராணி காலத்து அமெரிக்க வக்கீல் ஒருவருடைய வாழ்க்கைக் கதை. அட்டை போய், முன்பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் அந்த மனிதருடைய பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. குடியானவர் மகன். சட்டக் கல்லூரி பக்கமே போகவில்லை. ஒரு பெரிய வக்கீலின் அறையில் உட்கார்ந்து, அவர் சொன்னதை நகல் எடுத்து, அங்கிருந்த புத்தகங்களைப் படித்தே வக்கீலானவர். பிறகு வருஷத்தில் பாதி நாள் குதிரை மேல். நீதிபதி ஊர் ஊராகப் போய்க் கோர்ட்டு நடத்துவாராம். வக்கீல்களும் கூடவே போவார்களாம். இரண்டு தரப்பு வக்கீல்களும் பகலில் நாய் பூனையாகச் சண்டை போட்டுவிட்டு, ராத்திரி ஒரே சத்திரத்தில் ஒரே பானைச் சோறு சாப்பிட்டு, இடமில்லாவிட்டால் ஒரே கட்டிலில் படுப்பார்களாம். சில சமயம் சாட்சிகளும் வழக்காளிகளும்கூட அதே சத்திரத்தில்.

படகில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் கதைதானே இது. ஹைகோர்ட் நீதிபதிகள் இன்றைக்கும் கொல்கத்தாவிலிருந்து முறை வைத்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள், குதிரைக்குப் பதில் விமானம். ஆனால் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவர் ஜெயித்த வழக்குகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பு வந்த பிறகு ஜெயித்தவளும் தோற்றவனும் எந்த வண்டியில் வீடு திரும்பினார்கள் என்று எங்குமே இல்லை. எழுதியவர் ஆண்பிள்ளை, அவருக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றியிருக்காது.

எனக்கு அது விஷயமானது ஒரு பெண்ணால். நிக்கோபாரின் கச்சால் தீவில் பிறந்தவள். அவள் தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து ரப்பர் வெட்டக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பம். பாம்பூஃப்ளாட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரு பெண் குழந்தை. புருஷன் வெல்டர், சாத்தாம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. பார்த்தால் பசு. ஜெட்டியில் வயசானவர்களுக்குக் கை கொடுத்துப் படகில் ஏற்றிவிடுகிறவன். வீட்டுக்குள் அவன் செய்ததை நான் மனுவில் எழுதினேன். இங்கே எழுத மாட்டேன். தோள்பட்டை எலும்பு இரண்டு தடவை உடைந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அவள் தன் அம்மாவைக் கச்சாலிலிருந்து வரவழைத்து, அதே பாம்பூஃப்ளாட்டில் வேறு வீடு பிடித்தாள். தண்ணீர் தாண்டி, போர்ட் பிளேர் பக்கம் பத்துபஸ்தியில் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தை இப்போதைக்கு அவளிடம் இருக்கலாம் என்று கோர்ட்டு சொன்னதே அந்த வேலையைப் பார்த்துத்தான். வேலை போனால் குழந்தை கேள்விக்குறி. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் நான் கேட்டது சாதாரணமானதுதான்: அவன் அவள் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போகக்கூடாது. மாஜிஸ்திரேட் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், இளவயசு, மனசு உள்ளவர். டாக்டர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். பிறகு நான் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தார். வீடு, வேலை மட்டுமில்லை, எந்த இடத்திலும் அவன் அவளுக்கு நூறு மீட்டருக்குள் வரக்கூடாது. மீறினால் கைது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. கேட்டதற்கு மேல் கிடைக்கும் நாள் வக்கீலுக்கு அடிக்கடி வாய்க்காது. இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துச் சாத்தாம் வந்து, ஜெட்டி வாசலில் சமோசா வாங்கித் தின்றோம். படகு வந்தது. கீழ்த்தட்டில் ஸ்கூட்டர்கள் ஏறின, நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். கயிற்றை அவிழ்க்கிற நேரம் அவன் ஓடிவந்து ஏறினான்.

அவன் வக்கீலும் பின்னாலேயே ஏறினார். கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து அபர்தீன் பஜாரில் கடை வைத்த குடும்பத்துப் பிள்ளை. எனக்கு அண்ணன் வயசு. அவரும் பாம்பூஃப்ளாட்தான். கோர்ட்டில் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். வெளியே வந்தால் டீ வாங்கித் தருவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, படகின் முனையிலிருந்து முனை வரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னம்மா, ஒங்க ஆர்டர் போட்டைவிட நீளமால்ல இருக்கு," என்றார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் படகு முப்பது மீட்டர் இருந்தால் அதிகம். அந்த மாஜிஸ்திரேட் வளர்ந்த ஊரில் ஒருத்தி தெருவின் இந்தப் பக்கம் போனால் ஒருத்தன் அந்தப் பக்கம் போகலாம், இந்த பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். இங்கே பிறந்து வளர்ந்த வக்கீல் இரண்டு பேர் அந்த உத்தரவைக் காதால் கேட்டோம். ஒருவருக்கும் படகு ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையானது. அவன் விடிந்ததும் ஜெட்டிக்கு வந்து முதல் ஆளாக நின்றான். அவள் வந்தால் படகுக்குள் இருப்பான். அவள் அடுத்த படகுக்குக் காத்திருந்தால் இறங்கி அவனும் காத்திருப்பான். நான் போய்ச் சத்தம் போட்டேன். அவன் கோபப்படவே இல்லை.

"மேடம், நான்தான் மொதல்ல வந்தேன். கேளுங்க, எல்லாரும் பாத்தாங்க. நான் அவ கிட்ட போகல, அவதான் என் கிட்ட வர்றா. என்ன ஜெயிலுக்கு அனுப்பணும்னே வர்றா போல." சுற்றி நின்றவர்களைப் பார்த்து ஒரு சோகச் சிரிப்பு வேறு.

ஜெட்டி போலீஸ்காரரிடம் உத்தரவு நகலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போட் தோ சப்கா ஹை, மேடம்," என்றார். படகு எல்லோருக்கும் பொதுதான், நான் என்ன இல்லை என்றா சொன்னேன்? இவனை இறக்கிவிட்டால் அவன் வேலைக்குப் போகமுடியாது, அவளை இறக்கினால் அவள் போகமுடியாது, யாரை இறக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவனைத்தான் என்றேன். அவன் முதலில் வந்ததைப் பத்துப் பேர் சொல்கிறார்களே என்றார். அதற்குள் அவன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான், அவள் வேண்டுமென்றே நெருங்கி வந்து தன்னைச் சிக்கவைக்கப் பார்க்கிறாள் என்று.

அவளைக் காப்பாற்ற வந்த உத்தரவு அவளைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனாள். மூன்றாவது தடவை சமையல்கூடத்து மேஸ்திரி, இப்படியே போனால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். அவன் இருந்தாலும் ஏறிவிடுவது. நான் கூட இருப்பது.

அப்படி எத்தனையோ காலை ஏறிப்போனோம். அவன் ஒன்றுமே செய்ய மாட்டான். அதுதான் கொடுமை. கூட்டத்தில் எங்காவது நிற்பான். ஒருநாள் ஸ்கூட்டர்களுக்கு நடுவில், ஒருநாள் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்துத் தூணில். தெரிந்தவர்களோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பான். படகு கரை சேர்ந்ததும் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக இறங்குவான். அவள் முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே வருவாள். நான் கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் வருவேன்.

ஒரு மழை நாள். பாதித் தண்ணீரில் என்ஜின் இருமி நின்றுவிட்டது. படகு ஓட்டும் சரங் கீழே கத்த, இரண்டு பேர் என்ஜின் அறைக்குள் இறங்கினார்கள். சாரல் ஒரு பக்கமாக அடித்ததில் கூட்டம் முழுக்க எங்கள் பக்கம் ஒதுங்கியது. அவள் குடை தவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு கை அதை எடுத்து, மடக்கி, தண்ணீரை உதறி நீட்டியது. அவன்தான்.

அவள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? பக்கத்தில் இருந்த மீன்காரம்மா என்னிடம், "நல்ல மனுசனாத்தான் தெரியுது. என்னத்துக்குக் கோர்ட்டு கச்சேரின்னு?" என்றாள். அவன் குனிந்து என் கட்சிக்காரியின் காதோரம் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தான். என்ஜின் உயிர் பெற்றது.

சாத்தாமில் இறங்கியதும் அவள் கூட்டத்தைப் போகவிட்டு நின்றாள். ஜெட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன சொன்னான்?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டாரு அக்கா."

"கேட்டா கேட்டுட்டுப் போறான்."

"நேத்து ராத்திரிதான் அக்கா காய்ச்சல் வந்துச்சு. எனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

அவள் வீட்டுச் சுவருக்கு அவன் எவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தால் குழந்தை காய்ச்சலில் அனத்தியது கேட்டிருக்கும்? இதை எந்தக் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? மழையில் குடை எடுத்துக் கொடுத்து, குழந்தையின் உடம்பை விசாரித்தான். இதைக் குற்றம் என்று எழுதிக் கொடுத்தால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் ஒரு ராத்திரி வீட்டில் தூக்கமில்லாமல் அமெரிக்கக்காரரைப் புரட்டினேன். ஓரிடத்தில் அவர் வெள்ளம் வந்த ஆற்றைக் கடக்கிறார். ஒரே தோணி. அதில் அவர், நீதிபதி, அவர் தோற்கடித்த ஒரு நில வழக்கின் எதிராளி. எதிராளி தன் ஆற்றாமையை மறந்து துடுப்புப் போட்டானாம், எல்லோரும் சிரித்துக்கொண்டே கரை சேர்ந்தார்களாம். இதை எழுதியவர் ஏதோ சமரசத்தின் மகிமை என்பதுபோல ஒரு பத்தி நீட்டியிருந்தார். அமெரிக்கக்காரர் பத்திரமாகக் கரை சேர்ந்து, பெரிய நீதிபதியாகி, சொந்தக் கட்டிலில் செத்துப்போன மனிதர். நிலத்துக்காகச் சண்டை போட்டவன் துடுப்புப் போடுவான். என் எதிராளிக்கு வேண்டியது நிலமா? புத்தகத்தை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

மறுநாள் சாயங்காலம் கீழக்கரை அண்ணன் ஜெட்டி டீக்கடையில் என்னைக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"வக்கீலா சொல்லலம்மா, வாப்பாவா சொல்றேன். எனக்கும் மூணு பொண்ணு. அவன் என் கச்சிக்காரன். ஆனா ஆபீஸ்ல என் எதிர்ல வந்து உக்காந்தான்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இந்த நூறு மீட்டரு அவனுக்கு வெளையாட்டாப் போச்சு. அத மாத்தக் கேளுங்க. நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன்."

"கொறைக்கச் சொல்லியா கேக்கச் சொல்றீங்க?"

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

இல்லை. என் கட்சிக்காரிக்குக் கிடைத்த பாதுகாப்பைக் குறைத்துத் தாருங்கள் என்று நானே மனுப் போட்டேன். அப்படி ஒரு மனுவை அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. இதனால் அவள் செத்தால் காரணம் நான்தான் என்ற நினைப்பு, கையெழுத்துப் போடும்போது வந்து உட்கார்ந்தது. எழுந்து போகவே இல்லை.

மாஜிஸ்திரேட் தன் உத்தரவைத் தானே திரும்பப் படித்தார். முகம் சிவந்துபோனது. இந்தப் படகில் நான் இன்னும் ஏறியதில்லை என்றார். பிறகு வக்கீல்கள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளை முன்னால் கூப்பிட்டார். இந்தியில் மெதுவாகக் கேட்டார்: படகில் அவன் எவ்வளவு தூரத்தில் நின்றால் உனக்குப் பயமில்லாமல் இருக்கும்?

அவன் கைகட்டிக்கொண்டு, தலை குனிந்து, ஓரமாக நின்றிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் சார்பில் நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். அவள் பேசியது தீவு இந்தி. தமிழில் அது இப்படி வரும்:

"தூரமெல்லாம் எனக்குத் தெரியாது சாப். அவர் என்னை முன்னால் வந்து அடித்ததே இல்லை. அடுப்பில் நிற்கும்போது, துணி அலசும்போது, பாப்பாவுக்குத் தலை பின்னும்போது. ஒரு தடவையும் முகத்துக்கு நேரே வந்ததில்லை. பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. எனக்கு முன்னால் நிற்கட்டும்."

கீழக்கரை அண்ணன் தன் கோட்டுப் பொத்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அப்போதுதான் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

புதிய உத்தரவு வந்தது. வீடும் வேலையிடமும் பழையபடி. படகில் மட்டும் நூறு மீட்டர் இல்லை. அவன் முதலில் ஏறி முன்முனைக் கம்பியருகே போய் நிற்கவேண்டும். கரை சேரும்வரை அங்கிருந்து நகரக்கூடாது. அவள் கடைசியில் ஏறிப் பின்பக்க பெஞ்சில் உட்காருவாள். நகர்ந்தால் அன்றே கைது. சரங்குக்கும் ஜெட்டி போலீசுக்கும் நகல் போயிற்று. போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு, இது புரிகிறது மேடம், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவ்வளவு நாளில் அவர் குரலில் அப்போதுதான் ஒரு தெம்பு.

மறுநாள் காலை பாம்பூஃப்ளாட் ஜெட்டி. அவன் உத்தரவுப்படி முதலில் ஏறினான். யாரையும் தொந்தரவு செய்யாமல் முன்முனைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டம் ஏறியது, ஸ்கூட்டர்கள் ஏறின, கடைசியாக நாங்கள். படகு கரையை விட்டது. அவன் முதுகு தெரிந்தது. எனக்கு வெகுநாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

பாதித் தண்ணீர் வந்ததும் அவன் திரும்பினான். கம்பியில் முதுகைச் சாய்த்து, எல்லோர் தலைக்கும் மேலாக நேரே அவளைப் பார்த்தபடி நின்றான். ஒரு அடி நகரவில்லை. முகம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று உத்தரவில் இல்லை. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. அந்தப் பார்வையில் கோபமில்லை, ஒன்றுமே இல்லை. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அதற்கடியில் பயம். சட்டென்று எழுந்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில், கோட்டை விரித்துக்கொண்டு, மறைவாக நின்றேன்.

பின்னாலிருந்து அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மறைக்காதீங்க அக்கா. உக்காருங்க."

"அவன் பாக்குறாம்மா."

"பாக்கட்டும். கை ரெண்டும் தெரியுது."

உட்கார்ந்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. நானும் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு சாத்தாம் வரை வந்தேன்.